யமீனாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் ஓர் ஓடை

மொரோக்கோவின் அஹ்ஃபீர் ஊருக்கு யமீனா மருமகளாக வந்தது 1989 பிப்ரவரியில். அதே மாதம்தான் மராகேஷில் ஐந்து வட ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் கையெழுத்திட்டு மக்ரிப் ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். அல்ஜீரியப் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளையை ஊரே கேலி செய்தது.

"ஒன்றியம் செஞ்ச முதல் வேலை உன் கல்யாணம்தான்டா!"

கடைசி வேலையும் அதுவாகத்தான் இருந்தது.

யமீனாவின் பிறந்த வீடு எல்லையான கிஸ் ஓடைக்கு அந்தப் பக்கம், அல்ஜீரியாவில். ஐந்து வருடம், இங்கே சமைத்த கூஸ்கூஸ் சூடு ஆறுவதற்குள் அக்கா ஸுலைகா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. 1994 கோடையில் எல்லையை மூடினார்கள். தகப்பன் இறந்தபோது யமீனா காஸாபிளாங்கா போய், விமானத்தில் அல்ஜியர்ஸ் போய், பேருந்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பிறந்த வீட்டை அடைந்தாள். அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிறகு அந்த விமானமும் நின்றது.

மிஞ்சியது ஓடைக்கரை. இரண்டு பக்கமும் சாலை, வேலி. ஜனங்கள் அங்கே வந்து நின்று எதிர்க்கரைச் சொந்தத்தோடு கத்திப் பேசுவார்கள். யமீனாவின் மகள் நஜ்மா நில அளவைப் பொறியாளர். ஒருநாள் கருவியை வைத்து அளந்தாள். வேலிக்கு வேலி நாற்பத்தேழு மீட்டர்.

தொலைக்காட்சியில் அரபுத் தலைவர்கள் மாநாடு வந்தால் யமீனா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாள்.

"பாருடி, கன்னத்துல முத்தம் குடுத்துக்கறானுங்க. என்னைய என் அக்காவத் தொட விட்டானுங்களா?"

செருப்பு பறக்கும். இரண்டு முறை திரை விரிசல் விட்டது.

சிறுநீரகம் கெட்டுப் படுத்த பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "நான் செத்தா, கபன் துணியால மூடறதுக்கு முன்னாடி அக்கா என் முகத்தப் பாக்கணும். போன்ல இல்ல. நேர்ல."

செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். உடலைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்ததும் வண்டியை ஓடைக்கரைக்கு விடச் சொன்னாள் நஜ்மா. சித்தப்பா இத்ரீஸ் தடுத்தார்.

"மய்யித்த வச்சு ஊர்வலம் விடுவாங்களா? பொம்பள நீ வர்றதே சரியில்ல."

"அப்ப நீங்க வராதீங்க, சித்தப்பா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் ஏறினார்.

போனில் சொன்னபடி எதிர் வேலியில் ஸுலைகா பேரன்களோடு வந்து நின்றிருந்தாள். வண்டி நின்றதும் எல்லைக் காவலன் ஓடி வந்தான்.

"இங்க வண்டி நிறுத்தக் கூடாது, எடுங்க."

"முப்பது வருஷமா எங்க யெம்மாவ இங்கயே நிறுத்தி வச்சிருந்தீங்களே? அஞ்சு நிமிஷம் சும்மா இரு!"

அவன் பெட்டியைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். நஜ்மாவும் கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் பெட்டியை இறக்கினார்கள். முகத்துத் துணியை விலக்கியதும், பார்க்கக் கூடாதென்று கூட வந்த ஆண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். காவலனும் திரும்பிக்கொண்டான்.

"தெரியலடி! இன்னும் தூக்கு!" என்று எதிர்க்கரையிலிருந்து ஸுலைகாவின் குரல் வந்தது.

தலைமாட்டை வேலியின் மேல் கம்பிவரைக்கும் தூக்கினார்கள்.

"இப்ப தெரியுதா, பெரியம்மா?"

ஸுலைகா கையை நெற்றியில் வைத்து, முகத்தைக் கொஞ்சம் தப்பான பக்கமாகத் திருப்பி, சாலை விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டேன்டி! அழகா இருக்கா. மூடு, வெயில்ல வைக்காத!"

ஸுலைகாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் தன் வீட்டுக் கதவு எண்ணே தெரியவில்லை என்று அவள்தான் நஜ்மாவிடம் போனில் சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க!" என்று நஜ்மா கத்தினாள். "பொய் சொல்லாதீங்க, பெரியம்மா! நீங்க பாக்கல!"

எதிர்க்கரையில் கிழவி வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்க்காமலே இத்ரீஸ், "மூடும்மா, லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு" என்றார்.

நஜ்மா மூடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் மூடினாள்.