வாரத்துக்கு நாலு மில்லி

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். கம்பெனி பூட்ஸ் கடித்து, வலது கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண் வந்தது. அச்சடித்த மாதிரி வட்டம். சர்க்கரை உடம்பு, காலில் உணர்ச்சி மட்டு, வலிக்கவே இல்லை. டாக்டரிடம் போகாமல், வேலைக்கு வைத்திருக்கும் வெர்னியரை எடுத்து அளந்தார்.

"போல்ட்டாயா அது, அளந்துகினு கீற?" என்றாள் அம்மா.

முதல் ஞாயிறு குறுக்களவு எட்டு மில்லிமீட்டர். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு. அதற்கடுத்தது பதினாறு. காலண்டர் ஓரத்தில் எழுதிவைத்தார்.

"வாரத்துக்கு நாலு மில்லி. ஒரே சீரா ஏறுது பாரு. சீரா போற மெஷின்ல கோளாறு இல்லமா."

நான் ஒரு அவசரக்குடுக்கை. கணக்குப் படிக்கிறவள் என்கிற திமிர் வேறு. எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா சொல்றது சரிதான், சும்மா பயப்படாத" என்று அம்மாவை அடக்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சேக்காட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன்.

"ஆரம் ரெண்டு மடங்கானா பரப்பளவு?"

"ரெண்டு மடங்கு மிஸ்!"

"நாலு மடங்கு. ஆரத்த ஆரத்தாலயே பெருக்கணும்ல?"

பலகையில் எழுதிக் காட்டினேன். ஆரம் நாலு என்றால் பதினாறு. ஆறு என்றால் முப்பத்தாறு. எட்டு என்றால்... சாக்பீஸ் நின்றுவிட்டது. நாலு, ஆறு, எட்டு. காலண்டரில் அப்பா எழுதியிருந்ததில் சரிபாதி. அறுபத்துநாலு! இரண்டே வாரத்தில் புண் நாலு மடங்கு பரவியிருக்கிறது. அதிலும் முதல் வாரம் தின்றதைவிட இரண்டாம் வாரம் தின்றது அதிகம். இதைத்தான் நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

வகுப்பைப் பாதியில் விட்டு ஓடினேன். அப்பாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் கட்டைவிரலை அழுத்தினார். "இங்க தொடறது தெரியுதா?"

"இல்ல சார். ஆனா பதினாறு மில்லிதான் சார்."

டாக்டர் புண்ணைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். "சுத்தி அஞ்சு மில்லி வெட்டி எடுக்கணும். விரல் தப்புமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "அஞ்சு மில்லிதானேமா?"

சுற்றிலும் என்றால் ஆரத்தோடு அஞ்சு. எட்டும் அஞ்சும் பதிமூணு. பதிமூணைப் பதிமூணால் பெருக்கினால், அறுபத்துநாலு இருந்த இடத்தில் நூற்றறுபத்தொன்பது. கேட்காமலே கணக்கு ஓடி முடிந்துவிட்டது.

"ஆமாம்பா," என்றேன். "அஞ்சு மில்லிதான்."