அண்ணன் பொறுக்கிய பழைய ரீல்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. “தையல் மிஷின் ரிப்பேர் பண்றவருக்கு மீன் புடிக்கிற ரீலோட இன்னா வேலை?” என்று சாவு வீட்டிலேயே, அலமாரியில் இருந்த ரீலைப் பார்த்துவிட்டு நாலு பேர் என்னைக் கேட்டீர்கள். அன்று அழுதுகொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது உத்திரமேரூரை ஒட்டிய கிராமத்தில். அப்பா சீக்கிரம் போய்விட, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மிஷின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பஜாரில் சொந்தக் கடை வைத்தார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்தக் கடைதான். அவருக்குக் கோபமே வராது. பிடிவாதமோ, அப்பப்பா!

சதுரங்கப்பட்டினத்துப் படகுக்காரர் சேகர் தம்பி, மனைவியின் மிஷினைச் சரிசெய்ய வந்தவர். வலை கட்டுப்படியாகவில்லை, ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப் பெரிய மீன் பிடிக்கப்போகிறேன், தூண்டில் நூலைச் சுற்றும் ரீலைப் புதிதாக வாங்க வசதியில்லை என்றார். “இதுவும் தேறலன்னா படகை வித்துட்டு கம்பெனி வாசல்ல வாட்ச்மேனா நிக்க வேண்டியதுதாண்ணா” என்று சொல்லிவிட்டு மிஷினைத் தூக்கக் குனிந்தார்.

“பழசுலயும் நல்லது கீதுப்பா. நான் பாத்துத் தரேன்” என்று அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். அதுவரை அவர் ரீலைத் தொட்டதுகூட இல்லை!

சென்னையில் பழைய ரீல் விற்பவரிடம் இருவரும் போனார்கள். பளபளப்பானதையெல்லாம் அண்ணன் ஒதுக்கினார். கைப்பிடியைச் சுற்றிக் காதில் வைத்துக் கேட்டார். திருகின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தால் வேண்டாம். திருகின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கழற்றியிருக்கிறார்கள், அதுவும் வேண்டாம். நூலை இழுத்தால் ஒரே சீராக வரவேண்டும். மூன்று மணி நேரம்! “யோவ், ரீல் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்று விற்பவர் கத்தினாராம். கடைசியில் ஒரே மாடலில் இரண்டும், உதிரிபாகத்துக்காக அதே மாடலில் உடைந்த ஒன்றும் வாங்கினார்.

வீட்டில் கழற்றித் துடைத்தவர், மிஷின்காரர் புத்தி எங்கே போகும், எல்லா இடத்திலும் எண்ணெய் விட்டார். நூலைப் பிடித்து நிறுத்தும் பிரேக் தட்டுகளிலும்! கூடவே கடலுக்கும் போனார். அவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோதே பெரிய மீன் மாட்டியது. எண்ணெயில் பிரேக் வழுக்கியது. இருந்த நூல் அத்தனையையும் மீன் உருவிக்கொண்டு போய்விட்டது. சேகர் தம்பி வெறும் ரீலை எடுத்து வைத்துவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

“அவன் ரெண்டு திட்டு திட்டியிருந்தாகூட தேவல. தப்பு என்னுது” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு அண்ணன் சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் உடைந்த ரீலின் உலர்ந்த தட்டுகளை எடுத்து, நல்ல ரீல் ஒன்றில் மாட்டி அனுப்பினார்.

அந்த வாரமே சேகர் தம்பி போனில் போட்ட சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. “புட்ச்சிட்டேண்ணா! வஞ்சரம்ணா! பிரேக்கு நிக்குதுண்ணா!” அண்ணன் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அத்தனை சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததேயில்லை.

நெஞ்சுவலி வந்த அன்று கடையிலிருந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பஜார் நண்பர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

சேகர் தம்பி, கடைசியாக முகம் பார்க்க வரமுடியவில்லையே என்று இன்னும் அழுகிறீர்களாம். கம்பெனி வாசலில் நின்றிருந்தால் ஒரு போனில் ஓடிவந்திருப்பீர்கள். நீங்கள் கடலில் இருந்தீர்கள். அண்ணன் ஆசைப்பட்டது அதுதானே, தம்பி.