ராகு காலத்துக்கு முன் எடுத்த கார்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி பிறந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. தர்மபுரியை ஒட்டி இருக்கிற அதியமான்கோட்டையில்தான் எங்கள் வீடு. அன்று காலை பத்து மணிக்கு, பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கார் பைத்தியம் உண்டு. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, பெங்களூரில் ஒருவரிடம் இருபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. "நாம மூணு பேரு, இதுல யாரை விட்டுட்டுப் போறது?" என்று மனைவி கேட்டாள். சரியான கேள்விதான். சிரித்து மழுப்பிவிட்டேன்.

கார் ஓடியது. ஆனால் சஸ்பென்ஷன் செத்துப் போயிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தகர டப்பாவை உருட்டிவிட்டது போல ஒரு சத்தம். கம்பெனி பார்ட்ஸ் இப்போது வருவதில்லை. நான் ஒரு மாதம் இன்டர்நெட்டில் படித்து நானே ஒரு பட்டியல் போட்டேன். காரை இரண்டு அங்குலம் தாழ்த்துகிற ஸ்பிரிங், பந்தய கார்களுக்குப் போடுகிற கெட்டியான பிளாஸ்டிக் புஷ். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கை, வண்டியோடு சேருகிற இடத்தில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் உருளை இருக்கும். அதைத்தான் புஷ் என்பார்கள். ரப்பர் பழைய காலத்து சமாச்சாரம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

மெக்கானிக் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். பட்டியலைக் கடைசி வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

"வேகத்தடை போடறவனுக்கு உங்க காரு வரப் போவுதுன்னு தெரியாதுங்க சார். ரெண்டு இஞ்ச் எறக்கிட்டா உங்க தெருவைத் தாண்டவே நாலு ஆளு வெச்சுத் தூக்கணும். புஷ்ஷும் ரப்பரே போடுங்க. கெட்டியாப் போட்டா முதுகை வாங்கிடும்."

ரப்பர் போட்டால் ஒரு வேலை கூடுதல் என்பதையும் அன்றே சொன்னார். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்தப் புஷ்ஷைப் பிடிக்கிற போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் உட்கார்ந்து, முழு பாரமும் இறங்கிய பிறகுதான் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். நான் தலையாட்டினேன். நன்றாகப் புரிந்துதான் தலையாட்டினேன்.

ஆடி மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஷெட்டில்தான் கிடந்தேன். என் பட்டியலை ஓரங்கட்டிவிட்டு, அவர் சொன்ன பார்ட்ஸுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கடையை அவரே தேடிப் பிடித்தார். வந்த ஷாக் அப்சர்பர்களில் ஒன்றில் லேசாக எண்ணெய்த் தடம் இருந்தது. எனக்குக் கண்ணிலேயே படவில்லை. அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார். "உங்க வூட்டுக்காரம்மா ஒக்காரப் போற பக்கங்க இது" என்றார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்பது பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் என் மாமனாரின் உத்தரவு. ஆவணி முதல் வெள்ளி, அதுவும் பத்தரை மணி ராகு காலத்துக்கு முன்னால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். காலையிலிருந்து ஆறு முறை போன் செய்துவிட்டார். பத்து மணிக்குக் கார் இன்னும் ஜாக்கியில் இருந்தது. பத்து இருபதுக்குச் சக்கரங்கள் தரையில் இறங்கின. முறுக்கு ரெஞ்சை எடுத்துக்கொண்டு மெக்கானிக் குனியப் போனார். "இன்னும் அரை மணி நேரங்க" என்றார்.

"அதெல்லாம் ஆகாதுங்கண்ணா. முனைக் கோயில்ல பூஜை போட்டுட்டு, ராகு காலம் முடிஞ்சதும் பன்னெண்டு மணிக்குத் திருப்பிக் கொண்டாந்துடறேன்" என்றேன்.

அவருக்கு மனசில்லை. கார் முன்னால் நின்றார். "போல்ட்டெல்லாம் கையாலதான் ஏத்தி வெச்சிருக்கிறேன் சார். கோயில் வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு அடி போவாதீங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

கோயிலில் மனைவி எலுமிச்சம்பழத்தோடு காத்திருந்தாள். சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினோம். அப்போது மாமனாரிடமிருந்து மறுபடியும் போன். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்களாம், வடை பாயசத்தோடு சமையல் நடக்கிறதாம். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வண்டி சத்தமே இல்லாமல் அவ்வளவு சுகமாக ஓடியது. சரி, போய்விட்டு வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திருப்பிவிட்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு மெக்கானிக் கூப்பிட்டார். மச்சான்களுக்குக் கார் காட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. ஒரு மணிக்குக் கூப்பிட்டார், சாப்பாட்டில் இருந்தேன். இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். அதைத் திறக்கவே இல்லை. இந்த ஆள் விடமாட்டார் போலிருக்கிறதே என்று எரிச்சல்கூடப் பட்டேன்.

நாலு மணிக்குத் திரும்பும்போது, ஒரு வளைவில் 'டொக்' என்று ஒரு சத்தம். போல்ட் கழன்று, இடது பக்க முன்சக்கரம் அப்படியே மடங்கியது. கார் இழுத்துக்கொண்டு போய்ச் சிறுபாலத்தின் சுவரில் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கி, அவள் இடது முழங்கை உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மாமனார் அழுதுகொண்டே ஓடி வந்தார். "என்னா மாப்ள ஆச்சு? எப்படி ஆச்சு?"

"போல்ட்டை முறுக்காமயே குடுத்துட்டான் மாமா" என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படி இல்லை. உண்மையைச் சொன்னால் மனைவி முன்னால் நான் தலைகுனிய வேண்டும், ராகு காலம் பார்த்த மாமனாரும் நொறுங்கிப் போவார். அந்தச் சமயத்தில் அங்கே இல்லாத ஒருவர்மேல் தூக்கிப் போடுவது சுலபமாக இருந்தது. அன்று மாலையே மச்சான் அந்த ஷெட்டின் போட்டோவோடு ஊர் கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். இந்த ஆளிடம் வண்டி விட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று எழுதினான். நான் படித்தேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மெக்கானிக் ஆப்பிள் பழங்களோடு வந்தார். மாமனார் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அவரை வாயில் வந்தபடி ஏசினார். அந்த மனிதர் பழப் பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் டிரிப்ஸ் பாட்டிலில் சொட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போகும்போது வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: "பன்னெண்டுக்கு வர்றேன்னீங்களே சார். சோறு திங்கக்கூடப் போவாம ரெஞ்சைக் கையில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேனே."

அந்த வாட்ஸ்அப் பேச்சை அதற்குப் பிறகுதான் கேட்டேன். "எங்க இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்க சார், நானே ரெஞ்சை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று இருந்தது. அதை அவர் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருக்கலாம்.

ஆறே மாதத்தில் ஷெட்டை மூடிவிட்டார். கிருஷ்ணகிரி பக்கம் லாரி பட்டறை ஒன்றில் கூலிக்கு வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு, போன வருடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்றும் கேட்டேன்.

"அந்தம்மா கட்டுப் போட்டுப் படுத்திருக்குது. உங்க வூட்டுக்காரர்தான் காரணம்னு அந்த நேரத்துல நான் எப்படிங்க சொல்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்னங்க ஆவப் போவுது? யாரு யாருகிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ, அவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார்.

இன்று வரை சொல்லவில்லை. மனைவியின் கை முழுசாக நீள்வதில்லை. மகளுக்கு ஜடை பின்னும்போது வலித்தால் அவரைத்தான் திட்டுகிறாள், நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு இதை எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பெயரையும் மறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்; தப்பு செய்யாத அந்த மனிதர் யார் என்று இதைப் படிக்கிற ஒருவருக்குக்கூடத் தெரியப் போவதில்லை.