லீலாபாயின் ஏலக்காய்

புதுக்கடை ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவர் ஜேசுதாஸ் அண்ணன். எந்தச் சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தாலும் "இது உங்களுக்குன்னே நெய்தது" என்பார். அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே நாளில் ஒரே சேலையைக் காட்டி இதையே சொன்ன மகான் அவர்.

இந்த வித்தைக்குப் பேர் வைப்பதில் நம்மவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பழைய ஆட்கள் காக்கா பிடிக்கிறான் என்பார்கள். அப்புறம் சோப்புப் போடுவது வந்தது, ஐஸ் வைப்பது வந்தது. எங்கள் மேற்குப் பக்கத்து ஊர்களில் அதுவே மணியடி. போதகர் மட்டும் வேதாகமத் தமிழில் இச்சகம் என்பார். அண்ணன் எல்லாப் பேருக்கும் சிரித்த முகமாகத் தலையாட்டுவார். கெட்ட மனுஷனில்லை, யார் முகமும் வாடக் கூடாது அவருக்கு.

ஆனால் வீட்டில் அந்தச் சரக்கு விலை போகவில்லை. மனைவி லீலாபாய் எதைச் சமைத்து வைத்தாலும் "அருமை" என்பார். மீன்குழம்பில் உப்பே போடாத அன்றும் அருமைதான். அன்றோடு அவள் அவர் நாக்கை நம்புவதை விட்டுவிட்டாள்.

போன வருஷம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. கிறிஸ்துமஸுக்கு, பயற்று மாவைப் பாகில் உருட்டிப் பொரிக்கிற முந்திரிக்கொத்து செய்து விற்க வேண்டும். அதற்கு முன்னால் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் காணிக்கையாகக் கொண்டுவருவதை ஏலம் விடுவார்கள், அதில் ஒரு தட்டு கொண்டு வந்து வைத்தாள். ஏலம் விடுகிறவர் வேறு யார், அண்ணன்தான்.

"ஒருத்தரும் கேக்கலேன்னா இனி நான் எண்ணெய்ச்சட்டியே வைக்க மாட்டேன்" என்று காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள்.

அன்று பூசணிக்காயைப் புகழ்ந்தார், சேவலைப் புகழ்ந்தார், அழுகத் தொடங்கிய பலாப்பழத்தின் வாசனையைப் புகழ்ந்தார். எல்லாம் ஏலம் போயின. முந்திரிக்கொத்து வந்தது. ஒன்றை வாயில் போட்டார். உண்மையிலேயே அருமை. "இதுபோல நான் தின்னதே இல்ல" என்றார்.

"வீட்டுக்காரிக்கும் மணியடியா அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பந்தலே சிரித்தது. ஒருவரும் விலை கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் லீலாபாய் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

அண்ணன் இன்னொன்றை எடுத்து மெதுவாக மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"உள்ளதச் சொல்லுதேன். ஏலக்காய் கொஞ்சம் கூடிப் போச்சு. மற்றபடி பயறும் பாகும் நல்லாட்டு இருக்கு."

பந்தல் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜேசுதாஸ் வாயில் குறையா? அப்படியானால் மீதி சொன்னது நிஜமாகத்தான் இருக்கும். ஸ்மிதா டீச்சர் முதலில் கேட்டார், அப்புறம் போட்டா போட்டி. ஏலம் முடிவதற்குள் கிறிஸ்துமஸுக்கு ஆர்டரும் வந்தது.

அண்ணன் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார். அங்கே லீலாபாய் ஏலக்காய் டப்பாவைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஏலக்காய் கூடல்ல. ஏலம் போணுமேன்னு பொய் பறஞ்சேன்."

"எனக்கிட்ட மணியடிக்காதீங்க. இத்தன வருஷத்துல இண்ணைக்குத்தான் உங்க வாயில ஒரு உள்ளது வந்திருக்கு."

சொன்ன உண்மை எதையும் நம்பாதவள், சொன்ன ஒரு பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்! கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு ஏலக்காயைப் பாதியாகக் குறைத்தாள். அவள் கலந்து வைத்த மாவில் கொஞ்சம் அண்ணன் வாயில் போட்டுப் பார்த்தார். சப்பென்று இருந்தது. சொன்னால் நம்ப மாட்டாள். பாகு எடுக்க அவள் அடுப்படிக்குப் போன நேரம், பரணிலிருந்து டப்பாவை இறக்கி, குறைத்த பாதியைப் பொடித்துப் பயற்று மாவில் கலந்துவிட்டார். இதை அவரே என்னிடம் சொன்னார், சத்தியம் வாங்கிக்கொண்டு.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஸ்மிதா டீச்சர் வீடு தேடி வந்து பாராட்டிவிட்டுப் போனார். லீலாபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா, ஏலக்காயக் குறைச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு!"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணன்.