வெள்ளை வைனில் மண்ணெண்ணெய் மணம்

தம்பி வைனை வாயில் ஊற்றி, கொப்பளித்து, வாழைக்குள் துப்பினான். பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துப்புறதுக்கோடா இவ்வளவு பழத்தையும் பிழிஞ்சனி?"

"ருசி பாக்கிறவை விழுங்க மாட்டினம் அக்கா. விழுங்கினால் பிறகு நாக்கு பொய் சொல்லும்."

"உன்ரை அத்தானைக் கேள். அவர் வாயிலை போன ஒண்டையும் துப்பினதில்லை."

என் கணவர் மோட்டர் கொட்டிலின் வாசலில் குந்தியிருந்து சிரித்தார். அவருக்குக் கள்ளுதான் தெரியும். கள்ளில் புளிப்பு, இனிப்பு என்று இரண்டு. அதற்கு மேல் ஒரு சொல்லும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை.

தம்பி பாரிசுக்குக் கோப்பை கழுவப் போனவன். இருபது வருடத்துக்கு மேல் ஒரே சாப்பாட்டுக்கடையில் நின்று, கடைசியில் மேசை மேசையாக வைன் ஊற்றி அதன் ருசியைச் சொல்லுகிறவனாக வந்துவிட்டான். போன வருடம் லீவில் வந்தவன், எங்கள் தோட்டத்துத் திராட்சை, எங்கள் பேச்சில் முந்திரிகைப்பழம், விலை இல்லாமல் பந்தலிலேயே வாடுவதைப் பார்த்துவிட்டு, வைன் போட்டுப் பார்ப்போம் என்றான். சைவ வீட்டில் இதென்ன கூத்து என்று கத்தினேன். ஆறு மாத லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், சும்மா இருந்து என்ன செய்ய என்றான். கடைசியில் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, கிணற்றடி மோட்டர் கொட்டிலோடு நிற்க வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் எனக்கு வைனில் அக்கறையே இல்லை. என் கண் முழுக்கக் கிணற்றில் இருந்தது.

எங்களுக்கு மேற்கே இருக்கிற ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. வாளியை இழுத்தால் மேலே வானவில் மாதிரி ஒரு படலம். யார் விட்டது, எங்கிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை. வந்து பார்த்தவர்கள் போத்தலில் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவர் பயமில்லை என்றார், இன்னொருவர் குடிக்காதீர்கள் என்றார். இரண்டு பேரும் வாகனத்தில் கொண்டுவந்த போத்தல் தண்ணீரைத்தான் குடித்தார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கம் மண்ணுக்குக் கீழே முழுவதும் சுண்ணாம்புக் கல். கல்லுக்குள் ஓட்டை. ஒரு கிணற்றில் விழுந்தது எந்தக் கிணற்றில் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஒழுங்கைக் கிணறுகளுக்கு இன்னும் வரவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் என் மகள் தலைப்பிள்ளைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். அவள் குடித்ததும் குளித்ததும் அந்தக் கிணற்றில். ஒவ்வொரு நாள் விடியவும் நான் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். படலம் இல்லை. மணந்து பார்ப்பேன். ஒன்றும் இல்லை. அப்படியே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முறைப்படி வெள்ளை வைனைத்தான் முதலில் குடிக்க வேண்டுமாம். என் கணவர் அவசரப்பட்டுச் சிவப்பைத் திறந்துவிட்டார். தம்பி அவரைப் பேசிவிட்டு, பாரிசிலிருந்து கொண்டுவந்த காலுள்ள கிளாசுகளில் ஊற்றினான். கிளாசைச் சுழற்றினான், மூக்கை உள்ளே விட்டான், கண்ணை மூடினான். கோயிலில்கூட அவன் இப்படி நின்று நான் கண்டதில்லை. அதற்குப் பிறகுதான் அந்தத் துப்பல்.

"முதல் நாவற்பழம். பிறகு கொஞ்சம் கறுவாப்பட்டை. பின்னுக்கு ஈரமண். கயர் கூடிப்போச்சு, ஆனால் பிழையில்லை."

மருந்து என்று நினைத்து நானும் ஒரு வாய் குடித்தேன். நாவற்பழம் தெரிந்தது. அதற்குப் பிறகு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கு இழுத்துக்கொண்டது. கறுவாவும் இல்லை, மண்ணும் இல்லை.

"மண்ணைத் தின்னவோ இவ்வளவு பாடு?" என்றேன்.

"வெள்ளைக்காரன் காசு குடுத்துத் தின்னுறான் அக்கா."

பிறகு வெள்ளை. அதுவும் அதே கறுத்தப் பழம்தான். தோலைச் சேர்க்காமல் சாற்றை மட்டும் எடுத்தால் வெளுப்பாக வரும். தம்பி மணந்தான். கிளாசைக் கீழே வைத்தான். திரும்ப எடுத்து மணந்தான். வாயில் வைத்தான். இந்த முறை துப்பவில்லை, விழுங்கினான். முகம் அப்படியே மலர்ந்தது.

"அத்தான், இதைக் குடிச்சுப் பாருங்கோ. தேசிக்காய்ப்பூ. அதுக்குப் பின்னாலை மண்ணெண்ணெய்."

"என்ன எண்ணெய்?" என்றேன் நான்.

"மண்ணெண்ணெய் அக்கா. பயப்படாதேங்கோ. அங்கை ஒரு சாதி வெள்ளை வைன் இருக்கு, வருசக்கணக்கா நிலவறையிலை கிடந்தால் இந்த மணம் வரும். அதைக் குடிக்கவெண்டே சனம் தேடி வாறது. இது எப்பிடி நாலு மாதத்திலை வந்தது? எங்கடை பழம் அந்தச் சாதியும் இல்லை."

அவன் சந்தோசத்தில் கதைத்துக்கொண்டே போனான். நான் என் கிளாசை நிலத்தில் வைத்தேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நிலத்தில் குச்சியால் கீறினார்.

"சிவப்பிலை ஏன் அந்த மணம் இல்லை?" என்று கேட்டேன்.

தம்பி இரண்டு கிளாசையும் மாறி மாறி மணந்தான். காரணம் என் கணவருக்குத் தெரிந்திருந்தது.

"நீ கொழும்புக்குப் போன கிழமை வெள்ளைச் சாறு காணாமல் அரைவாசியிலை கிடந்தது" என்றார் தம்பியிடம். "நான் தண்ணி விட்டனான். சீனியும் போட்டனான்."

"தண்ணியோ? வைனுக்கு ஆரும் தண்ணி விடுவினமோ அத்தான்?"

"இஞ்சை எல்லாரும் விடுறவை. வேதக்காரர் யேசு பிறந்த நத்தாருக்கு வைன் போடேக்கை பழத்துக்குச் சரியாத் தண்ணி விட்டுத்தான் போடுறவை. நான் நல்லதெண்டு செய்தனான்."

"எந்தத் தண்ணி?" என்று தம்பி கேட்டான். கேட்கும்போதே கிணற்றைப் பார்த்துவிட்டான்.

மகள் வீட்டுக்குள் படுத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை தம்பியைக் கொட்டிலுக்குள் இருத்தினேன். அந்தக் காலுள்ள கிளாசுகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனேன். எங்கள் கிணறு ஒன்று, அயல்வீட்டுக் கிணறு ஒன்று, கடைப் போத்தல் ஒன்று. எது எது என்று சொல்லவில்லை. அவன் வைனைப் பார்த்த மாதிரியே தண்ணீரையும் பார்த்தான். உள்ளங்கையால் கிளாசைப் பொத்திச் சூடாக்கினான், சுழற்றினான், மணந்தான்.

"இது செத்த தண்ணி" என்றான் கடைப் போத்தலை. "இதிலை சுண்ணாம்பு, கொஞ்சம் பாசி." அது அயல்வீடு. மூன்றாவதை மணந்து, ஒரு வாய் விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "மேலை ஒண்டுமில்லை அக்கா. விழுங்கினாப் பிறகு மேலண்ணத்திலை நிக்குது. அதே மணம்தான்."

கிளாசுகளை மாற்றி வைத்துத் திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் எங்கள் கிணற்றையே தொட்டான்.

நானும் மணந்தேன். என் கணவரும் மணந்தார். எங்களுக்கு வெறும் தண்ணீர். பிறந்த நாளில் இருந்து குடிக்கிற தண்ணீரில் ஒன்று மெல்ல மெல்ல வந்து சேர்ந்தால் மூக்கு அதையும் தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ளும் போல. இவ்வளவு நாளும் நான் எட்டிப் பார்த்ததும் மணந்ததும் என்ன மண்ணுக்கு?

அந்த நேரம் மகள் கொட்டில் வாசலுக்கு வந்தாள். தாகம் என்றாள். நான் திரும்புவதற்குள் எங்கள் கிணற்றுக் கிளாசை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

"என்ன எல்லாரும் இப்பிடிப் பாக்கிறியள்?" என்றாள். "அங்கை மாமி வீட்டிலை தண்ணி சப்பெண்டிருக்கும். இஞ்சை வந்தாப் பிறகுதான் தண்ணி ருசிக்குது. முந்தியையும் விட இப்ப நல்ல ருசி அம்மா. குடிக்கக் குடிக்க இன்னும் வேணும் போலை கிடக்கு."

பிள்ளைத்தாச்சிக்கு மண் தின்ன ஆசை வரும், மண்ணெண்ணெய் மணக்க ஆசை வரும். நானே இவளைச் சுமந்தபோது விளக்கு எண்ணெய்ப் போத்தலைத் திறந்து திறந்து மணந்தவள். அதனால் எனக்கு அவள் சொன்னது உடனே விளங்கியது. மற்ற இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

அன்று பின்னேரமே அவளுடைய உடுப்பை அடுக்கினேன். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாமல் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா? சொல்லட்டும். மகள் அழுதாள்.

"என்னைத் துரத்திறியளோ அம்மா?"

"ஓம், துரத்திறன். போய் அந்தச் சப்பைத் தண்ணியைக் குடி."

தம்பி ஓட்டோ பிடித்து, அவளைத் தென்மராட்சியில் இருக்கிற மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தான். வந்ததும் வெள்ளை வைனை வேலிக்கரையில் ஊற்றினான். சிவப்பை என் கணவர் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஒரு கிழமை கழிய மகள் ஃபோன் எடுத்தாள். சாப்பாடு இறங்குதில்லை, தண்ணீர் குடித்தால் குமட்டிச் சத்தி வருகிறது என்றாள்.

"எங்கடை கிணத்துத் தண்ணி ஒரு கலனிலை அனுப்பி விடுங்கோ அம்மா. ஒரு கலன் போதும்."

"கிணறு வத்திப் போச்சு" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். மாரி முடிந்த கையோடு எந்தக் கிணறு வற்றும்? தோட்டக்காரன் பிள்ளை, அவள் நம்பியிருக்க மாட்டாள்.

வெளியே வந்து பார்த்தேன். என் கணவர் இரண்டு கலன்களை நிரப்பி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டிருக்கிறாள்.

"எங்கை கொண்டு போறியள்?"

"பிள்ளை அழுறாள். நாங்கள் குடிச்சுக்கொண்டுதானே இருக்கிறம்? எங்களுக்கு என்ன நடந்தது?"

"உங்கடை வயித்திலை பிள்ளை கிடக்கோ?"

கயிற்றை அவிழ்த்துக் கலன்களைக் காலால் தள்ளினேன். மூடி கழன்று தண்ணீர் செம்மண்ணில் ஓடியது. வெயில் பட்டுப் பளிங்கு மாதிரிக் கிடந்தது. ஒரு படலம் இல்லை, ஒரு நிறம் இல்லை.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெறுங்கலன்களைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கிணற்றடிக்கு நடந்தார்.