சுகிர்தாவின் இடது கை

சுகிர்தாவின் இடது கையை அவளைவிட அதிகமாகக் கவனித்தவர் அவளுடைய அண்ணன் சேதுராமன்தான். இப்போதெல்லாம் நகம் வெட்டினால் அவர்தான் வெட்டுவார், சதையில் படாமல். அந்தக் கையால் அடுப்பில் எதையும் இறக்கவிடமாட்டார்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் கொழுந்து கிள்ளி வந்தவள் அவள். மழை நாளிலும் அவள் சாக்குதான் முதலில் நிரம்பும். அதைச் சொல்லும்போது எட்டாம் வகுப்போடு நின்ற அண்ணனுக்கு நெஞ்சு நிமிரும்.

இடது மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்ன நாளில் மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. தங்கச்சியின் மார்பைப் பற்றி வெளியே எப்படிப் பேசுவது? லயத்து வரிசை வீடுகளில் கேட்டவர்களிடமெல்லாம், "கையில ஒரு சின்ன ஆபரேசன்," என்றார். அவளும் மறுக்கவில்லை.

முதல் ஆபரேசனில் கட்டியை எடுத்தார்கள். நோய் மார்போடு நின்றதா, தாண்டிவிட்டதா என்பதை அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள்தான் காட்டுமாம். நீல மருந்து ஏற்றி, அது முதலில் போய்ச் சேர்ந்த முடிச்சுகளை எடுத்துச் சோதித்தார்கள். அவற்றிலும் நோய் இருந்தது. மறுபடி கத்தி வைத்து அக்குளில் மிச்சமிருந்தவற்றையும் எடுத்தார்கள். பிறகு மருந்து, கதிர் சிகிச்சை என்று கண்டிக்கு பஸ்ஸில் போய் வந்தே அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுக் குறைந்துவிட்டது. இனி அந்தக் கையில் கீறல் பட்டாலோ பாரம் ஏறினாலோ நீர் கோத்து வீங்கலாம், வீங்கினால் வடிவது கஷ்டம் என்று சொல்லி அனுப்பினாள் தாதி.

லீவு முடிந்த அன்று காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கம்மா தழும்பு? கை நல்லாத்தானே இருக்கு? சாக்க எடுத்துக்கிட்டு மலைக்குப் போ."

"லேசான வேலையாப் பாத்துக் குடுங்கய்யா," என்றார் சேதுராமன்.

"எல்லாருந்தான் கை வலிங்கிறாங்க. எல்லாரையும் உக்கார வைக்கவா?"

வரிசையில் நின்ற பாலம்மா சிரித்தாள். "தங்கச்சி கைக்கு அண்ணன் பட்டுச் சட்டை தச்சிப் போட்டுருவாரு போல!"

எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தா குனிந்து சாக்குக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். இடது கையால் இழுத்தபோது முகம் சுருங்கியது.

சேதுராமன் அருகே போனார். "சொல்லிரவா?"

"சொல்லுங்கண்ணே. மறைச்சு மறைச்சு அலுத்துப்போச்சு."

அவர் நிமிர்ந்தார். "கையில இல்லய்யா. மார்புல புற்றுநோய். அக்குள் முடிச்செல்லாம் எடுத்துட்டாங்க. இந்தக் கை பாரம் தாங்காது. வெக்கப்பட்டு நாந்தான் கைன்னு சொன்னேன்."

சிரிப்பு நின்றது. கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே? லேசான வேலைன்னா நாத்து மேடைதான். அங்க போன வாரந்தான் ஆள் போட்டோம். தோட்டத் தொரைகிட்டக் கேட்டுப் பாக்குறேன். அதுவரைக்கும் மலைக்கு அனுப்பாதீங்க."

பாலம்மா வந்து சுகிர்தாவின் தலையிலிருந்து கயிற்றைக் கழற்றினாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி," என்றாள் மெதுவாக.

லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் சுகிர்தா ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"வேல கிடைக்குமாண்ணே?"

"தெரியலம்மா."

"சரி. இன்னைக்குக் கை தப்பிச்சிச்சு."

சேதுராமன் வெறும் சாக்கை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, கயிற்றால் கட்டினார். அவள் எழும்வரை பக்கத்திலேயே நின்றார்.