கச்சான் பாத்தியில் ஒக்லஹோமா

புலம்பெயர்ந்து வாழும் ஹவுகெட்டோ வீட்டில் பேத்தியின் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒக்லஹோமா, மாநிலமாவதற்கு முன், குடியேற வந்தவர்களுக்குத் 'திறந்துவிடப்பட்டது' என்று பத்தொன்பது வரி. அங்கே இருந்த பழங்குடிகளுக்கு அரை வரி. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதே பாடத்தை எனக்கு முதலில் நடத்தியவர் சித்தப்பா. யாழ்ப்பாணத்தில் சரித்திர வாத்தியார். ஒரு விடுமுறையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த வெறும் வளவில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பன்னிரண்டு துண்டாக்கினார். விசில் ஊதியதும் பிள்ளைகள் வேலியிலிருந்து ஓட வேண்டும். எந்தத் துண்டில் யார் முதலில் தடி நடுகிறாரோ, அது அவருக்கு. ஒக்லஹோமாவில் இப்படித்தான் ஓடி ஓடி நிலம் பிடித்தார்களாம்.

வெறும் வளவு என்றேனா? ஏழாம் துண்டில் நானும் அக்காவும் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டிருந்தோம். இருபத்திரண்டு செடி. கிணற்றுத் தண்ணீர் சுமந்து வளர்த்தவை. பிடுங்க இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

"நீங்கள் ரெண்டு பேரும் முதலே இருந்த சனம். வேலிப் படலைக்கு வெளியிலை நில்லுங்கோ" என்றார் சித்தப்பா.

"நாங்களும் ஓடுறமே, சித்தப்பா."

"சரித்திரத்திலை அவையை ஓட விடேல்லை."

கொழும்பிலிருந்து வந்திருந்த பெரியப்பாவின் மகன் பனை வடலிக்குப் பின்னால் முன்கூட்டியே ஒளிந்திருந்தான். விசில் கேட்டதும் மூன்றே எட்டில் எங்கள் பாத்தியில் தடியை நட்டான். கள்ளம், கள்ளம் என்று கத்தினேன்.

சித்தப்பா சிரித்தார். "அங்கையும் இப்பிடி ஒளிச்சிருந்தவங்கள்தான். கெட்டிக்காரப் பொடியன்."

அன்று பின்னேரமே அவன் கச்சானைப் பிடுங்கி அவிப்பித்து எல்லாருக்கும் கொடுத்தான். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல எனக்கும் ஒன்பது கொட்டை. அக்கா வாங்கவில்லை.

"அந்தச் சனம் பிறகு எங்கை போனது, சித்தப்பா?" என்று கேட்டாள் அக்கா.

"அது சோதினைக்கு வராது, பிள்ளை."

பல வருடம் கழித்து, போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலத்தில், சித்தப்பா எனக்கு எழுதிவைத்த அந்த வளவைப் பார்க்கப் போனேன். இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. சிப்பாய் என் காணி உறுதிப் பத்திரத்தைப் பிரித்தும் பார்க்கவில்லை. மரியாதையாக ஒரு கோப்பை பிளேன்ரீ தந்து திருப்பி அனுப்பினான்.

பேர்கனில் இருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"எவ்விடம் வரைக்கும் போக விட்டவங்கள்?"

"கம்பி வரைக்கும்."

"படலைக்கு வெளியிலை எண்டு சொல்லு."

அந்த விடுமுறையில் ஏழு நாள் நான் சித்தப்பாவுடன் கதைக்கவில்லை. கள்ளம் செய்தவனுக்கு அடி விழவில்லையே என்பது மட்டும்தான் என் கோபம். அவன் ஒளியாமல், எல்லாரோடும் நேர்மையாக ஓடிவந்து எங்கள் பாத்தியைப் பிடித்திருந்தால், சரி என்று விட்டிருப்பேன்.